வெல்வெட் சட்டை போட்ட சக்களத்தி

என் தலைமாட்டில் நின்ற ஃபானை இவர் தூக்கிக்கொண்டு போனார்.

ஓகஸ்ட் மாதத்துப் பின்னேரம். நாங்கள் இருந்தது மூன்றாம் மாடி, அதற்கு மேலே தார் பூசிய மொட்டைக் கூரை. பகல் முழுக்க வெயிலைக் குடித்த அந்தத் தார், பின்னேரமானதும் அதை அப்படியே எங்கள் தலையில் இறக்கும். நான் பிரெஞ்சு வகுப்பிலிருந்து வந்து, ஈரத் துவாயைக் கழுத்தில் போட்டபடி கட்டிலில் சரிந்திருந்தேன். ஃபான் முகத்துக்கு நேரே சுற்றிக்கொண்டிருந்தது. கண் அயர்கிற நேரம் காற்று நின்றது.

கண்ணைத் திறந்தால் இவர் நிற்கிறார். ஒரு கையில் ஃபான், மற்றக் கையில் அதன் வயர்.

"என்னத்துக்கு அத எடுக்கிறீங்க?"

"அது கொதிக்குது வதனா. திரும்பவும் நிண்டுபோச்சு."

"நானும்தான் கொதிக்கிறன்."

"நீர் மனிசர்தானே, சன்னலைத் திறந்துபோட்டு இரும். அது மிசின். அதால என்ன செய்யேலும், பாவம்."

பாவமாம்! சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். 'அது' என்று அவர் சொன்னது, முன்னறை மேசையில் அவர் தன் கையால் பூட்டி வைத்திருந்த கொம்பியூட்டரை. கேம் விளையாடுவதற்கென்றே கட்டிய கொம்பியூட்டர். அதற்குத்தான் என் ஃபான் போனது.

எனக்குப் பொறாமை. ஓம், பொறாமைதான், இதில் என்ன வெட்கம்? சில பெண்களுக்குப் புருசனின் பழைய காதலியில் பொறாமை வரும், சிலருக்கு மாமியாரில் வரும். எனக்கு ஒரு தகரப் பெட்டியில் வந்தது. வந்தது மட்டுமல்ல, அந்தக் கோடை முழுவதும் என்னோடு குடியிருந்தது.

ரோட்டோரச் சீதனம்

முதலில் அந்த ஃபானின் கதையைச் சொல்லிவிடுகிறேன், நியாயம் யார் பக்கம் என்று உங்களுக்கு விளங்க வேண்டும்.

மொன்றியல்காரருக்கு ஜூலை முதலாம் திகதியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்ற ஊர் வாசகருக்காகச் சொல்கிறேன். அன்றைக்கு இந்த நகரமே வீடு மாறும். ஒருவர் இறக்குகிற கட்டில் மற்றவர் ஏற்றுகிற கட்டிலோடு படிக்கட்டில் இடிபடும். கொண்டுபோக விருப்பமில்லாததையெல்லாம் நடைபாதையில் வைத்துவிட்டுப் போவார்கள். மெத்தை, அலுமாரி, சட்டி பானை, கண்ணாடி, எல்லாம் கிடக்கும்.

நாங்கள் இருவரும் ஊர்வலம் மாதிரி நடந்து பார்த்துக்கொண்டு போனோம். ஃபானைக் கண்டது நான். முன் கம்பி வலை இல்லை, கழுத்து கொஞ்சம் சரிவு, ஆனால் ஓடியது. பக்கத்துக் கடைக்காரனிடம் கேட்டு அவன் கடையிலேயே சொருகிப் பார்த்தேன். எங்கள் வீட்டின் வெளிப்படிக்கட்டு இரும்பு, சுழன்று சுழன்று மேலே ஏறும். அதில் அந்த ஃபானைத் தோளில் சாய்த்து ஏற்றியதும் நான்தான். இவர் உதவிக்கு வரவில்லை. ஏனென்றால் இவர் கையில் வேறு ஒன்று இருந்தது.

அது ஒரு கொம்பியூட்டரின் வெறும் கோது. உள்ளே ஒன்றும் இல்லை. யாரோ எறிந்துவிட்டுப் போனது. அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். எங்கள் கலியாண அல்பத்தில்கூட இவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

போன கிழமை நான் எழுதிய விமான நிலையக் கதையை வாசித்துவிட்டு, "உங்கட கணவர் இவ்வளவு நல்லவரா?" என்று ஒரு வாசகி தொலைபேசியில் கேட்டார். பொறுங்கள் தங்கச்சி, இந்தக் கிழமையையும் வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்காக ஒரு சொட்டு முன்கதை. நான் மட்டக்களப்பு. இவர், ரமணன், யாழ்ப்பாணம். சின்ன வயதிலேயே தன் மாமியோடு இங்கே வந்து பிரெஞ்சில் படித்தவர். சமாதான காலம் என்று சொல்லப்பட்ட அந்தக் கொஞ்சக் காலத்தில் கொழும்புக்கு வந்து என்னைக் கட்டிவிட்டு, திரும்பிப் போய் ஸ்பொன்சர் செய்தார். விசா வந்து நான் மொன்றியலில் இறங்கியது நல்ல குளிருக்குள். குளிரில் மனிசன் நன்றாகத்தான் இருந்தார். கோடையில்தான் குணம் மாறியது.

துண்டு துண்டாக வந்தவள்

இவர் அந்தப் பெட்டியைக் கட்டத் தொடங்கியதற்கும் காரணம் பொறாமைதான். நகருக்கு வெளியே கர்க்லாண்டில் இவருடைய மச்சான் ஒருவர் இருந்தார். நிலக்கீழ் அறை, குளிரூட்டி, கடையில் வாங்கிய பெரிய கேமிங் கொம்பியூட்டர். ஒருநாள் அங்கே போய் விளையாடிவிட்டு வந்து, இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அந்த வருடம் எங்கள் வீட்டில் பொறாமைக்குப் பஞ்சமே இருக்கவில்லை.

கடையில் வாங்க வசதியில்லை. அதனால் சம்பளம் வருகிற கிழமைக்கு ஒரு துண்டாக வீட்டுக்கு வந்தது. ஒருநாள் பச்சைத் தட்டு, ஒருநாள் மின்சாரப் பெட்டி. மூளை என்று சொல்லி ஒரு சின்னச் சதுரத்தைக் கொண்டுவந்தார்.

"இது மலிவு. ஆனா வேகம் எண்டால் அப்பிடி ஒரு வேகம். என்ன, கொஞ்சம் சூடு கூட."

"இந்த வீட்டுக்கு அதுதான் குறைச்சல்" என்றேன். சிரித்தார். நான் பகிடி விடவில்லை.

கடைசியாக வந்தது படத்தைக் காட்டுகிற கிராபிக்ஸ் காட். புதிது இல்லை. அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. காற்றில் பறக்கிற பொன் தலைமயிர், கையில் வாள், மேலுக்கு இரும்புச் சட்டை. இரும்புச் சட்டை என்று மரியாதைக்குச் சொல்கிறேன், இரும்பு மிகக் கொஞ்சமாகத்தான் இருந்தது.

"ஆரு இது?"

"அது சும்மா படம்."

"சரி, ஆரு தந்த?"

"ஜோசே. என்னோட லொங்குய்யில வேலை செய்யிற பிள்ளை. கேமிலயும் எங்கட டீம்தான். புதுசு வாங்கினவ, பழசை எனக்குத் தந்தவ."

இவர் மஞ்சள் வழி மெத்ரோ ரயில் பிடித்து ஆற்றைக் கடந்து லொங்குய் போய், ஒரு கந்தோரில் நாள் முழுக்கத் தொலைபேசியில் பிரெஞ்சு கதைக்கிறவர். அங்கே பெண்கள் வேலை செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து ஜோசேக்கு ஒரு முகம் வந்துவிட்டது. பொன் தலைமயிர், வாள், அந்தக் கொஞ்ச இரும்பு.

பூட்டிக்கொண்டே இவர் சொன்னார், "உண்மையா பாத்தா முழுச் சூடும் இந்தக் காட்டிலயிருந்துதான் வரும்."

என் வீட்டுச் சூடு எங்கேயிருந்து வருகிறது என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

மாமியின் கைவேலை

முதல் முதலாகச் சுவிட்ச் போடுகிற அன்றைக்குப் பக்கத்து ஊரான டொலார்ட்டிலிருந்து மாமி காரில் வந்தார். இவரை வளர்த்த கமலா மாமி. மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கி, ஒரு கையில் தேசிக்காயும் கற்பூரமும், மற்றக் கையில் ஒரு பார்சலுமாக வந்து நின்றார். கொம்பியூட்டருக்குத் திருநீறு பூசி, சந்தனப் பொட்டு வைத்து, தேசிக்காயால் சுற்றினார். புகை எழும்ப, கூரையில் இருந்த புகை அலாரம் கத்தத் தொடங்கியது. கற்பூரத்தை அணைத்துவிட்டு, சுவிட்சைப் போட்டோம். நீல வெளிச்சம் வந்தது. இவர் கண் கலங்கிவிட்டார்.

பிறகு மாமி பார்சலைப் பிரித்தார். உள்ளே ஒரு வெல்வெட் உறை. மெரூன் நிறம், ஓரமெல்லாம் தங்க லேஸ், கீழே சுருக்கு வைத்த ஃபிரில். முன்பக்கம் சுவிட்சுக்கும் லைட்டுக்கும் மட்டும் அளவாக வெட்டிய சன்னல். இவர் முன்கூட்டியே அளவெடுத்து தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்! எனக்கு அங்கேயே வயிறு எரிந்தது. கலியாணத்துக்கு எனக்குத் தைத்த சட்டைக்கு இவர் அளவு கேட்கவில்லை, கொண்டுவந்த சட்டை தோளில் நிற்கவில்லை.

எங்கள் சனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பொருள் என்றால் அதற்குச் சட்டை போட வேண்டும் நமக்கு. மாமி வீட்டில் டீவிக்குச் சட்டை, தொலைபேசிக்குச் சட்டை, சோறு அவிக்கிற குக்கருக்குச் சட்டை. ரிமோட் பொலித்தீனுக்குள். சோபாவின் பிளாஸ்டிக்கை இன்னும் உரிக்கவில்லை, இருந்து எழும்பினால் தொடையோடு கூடவே வரும். மட்டக்களப்பில் எங்கள் வீட்டு ரேடியோவுக்கும் பின்னல் உறை இருந்தது, ஆகவே நானும் ஒன்றும் வித்தியாசமாக நினைக்கவில்லை. உறை போட்டால்தான் சாமானுக்கு மரியாதை. இவரும் அதை ஆசையாகப் போட்டு, ஃபிரிலை இழுத்து நேராக்கி, "தூசி போகக்கூடாது" என்றார்.

அன்றைக்குச் சாப்பிடக் கூப்பிட்டபோது இவர் அசையவில்லை. மாமி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மட்டக்களப்பாள் மந்திரம் போட்டுப் பாயோட ஒட்ட வைச்சிடுவாள் எண்டு எங்கட ஆக்கள் என்னைப் பயப்பிடுத்தினவை. இஞ்ச பாத்தால் இவன் கதிரையோட எல்லோ ஒட்டிப்போய்க் கிடக்கிறான்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். உள்ளுக்குள்ளே நெருப்பு.

மறுகாவும் பேந்தும்

எங்கள் ஊரில் 'பிறகு' என்பதற்கு 'மறுகா' என்போம். யாழ்ப்பாணத்தார் 'பேந்து' என்பார்கள். அந்தக் கோடையில் இந்த வீட்டில் அதிகம் கேட்ட தமிழ்ச் சொல் அதுதான்.

"சாப்பிட வாங்க." "பேந்து."

"அம்மாவுக்கு கோல் எடுப்பமா?" "பேந்து."

"கீழ போய்க் கொஞ்சம் நடப்பமா, வீட்டுக்குள்ள இருக்க ஏலாம இருக்கு." "பேந்து, பேந்து."

மெத்ரோவால் வந்து சட்டையைக் கழற்றி எறிந்தால், நேரே அந்தக் கதிரை. காதில் ஹெட்போன். அதற்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். இவர் பிரெஞ்சில் கத்துவார், அவள் பிரெஞ்சில் கத்துவாள், பிறகு இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள். என்னோடு இவர் அப்படிச் சிரித்ததில்லை. எனக்கு அந்தப் பாஷை விளங்கவில்லை, அதனால் அவள் சொன்னதையெல்லாம் நானே கற்பனை செய்துகொண்டேன். என் கற்பனைக்கு ஒரு குறைவும் இல்லை.

ஆனால் ஒன்று. திரும்பத் திரும்பக் கேட்டால் சுவரும் படிக்கும் என்கிற அளவுக்குச் சில சொற்கள் என் காதில் ஏறிவிட்டன. 'ஆ கோஷ்' என்றால் இடது பக்கம். 'டெரியேர் துவா' என்றால் உனக்குப் பின்னால். 'தீர்' என்றால் சுடு. ஒருநாள் வகுப்பில் ரீச்சர் என்னை எழுப்பி, வழி கேட்டு வருகிற ஒருவருக்குப் பதில் சொல்லச் சொன்னார். நான் பயத்தில் தெரிந்ததைச் சொன்னேன். இடது பக்கம், உனக்குப் பின்னால், சுடு. அந்த மனிசி, நான் வந்த ஊரை நினைத்து என்னைப் பற்றி என்ன முடிவெடுத்தாரோ தெரியாது, அன்றிலிருந்து என்னோடு மிகவும் மெல்லிய குரலில் கதைத்தார்.

சூடு ஏற ஏறப் பெட்டி மக்கர் பண்ணத் தொடங்கியது. நல்ல விளையாட்டின் நடுவில் 'டப்' என்று செத்துவிடும். இவர் உறையைக் கழற்றி, பெட்டியைத் திறந்து, மூளைக்கு மேல் புதுப் பசை பூசி, உள்ளே இன்னொரு குட்டி ஃபான் பூட்டி, எல்லாவற்றையும் மூடி, உறையைத் திரும்பப் போட்டு, ஃபிரிலை நேராக்குவார். அடுத்த நாள் அது திரும்பவும் சாகும். கடைசியில்தான் என் தலைமாட்டு ஃபானில் கை வைத்தார். கதிரைக்குப் பின்னால் அதை நிறுத்தி, மேசையைப் பார்க்கத் திருப்பிவிட்டார்.

அன்றைக்குத்தான் நான் ரொறொன்ரோவில் இருந்த அக்காவுக்கு கோல் எடுத்து அழுதேன். ஃபானுக்காக அழவில்லை. ஒரு வீட்டில் யாருக்குக் காற்று போக வேண்டும் என்று ஒரு மனிசன் யோசித்துப் பார்த்து, பெட்டிக்கு என்று முடிவெடுத்தானே, அதற்காக அழுதேன்.

"என்ன புள்ள, அழுற?" என்றாள் அக்கா. "ஒண்டுக்கும் யோசியாத. டொலார்ட் முருகன் கோயில் தேருக்கு நாங்க வேன்ல வாறம். உடுப்ப அடுக்கி வை. மறுகா எங்களோடயே வந்திரு. அங்க கிடந்து வேகாத."

உடுப்புப் பெட்டியை அடுக்கினேன். அதை ஒளித்து வைக்கவில்லை, இவர் காணட்டும் என்று வாசல் பக்கத்தில் நிறுத்தினேன். இவர் கண்டார். கண்டு, அதன் மேல் தன் ஆணி முடுக்குகிற திருப்புளியை வைத்துவிட்டுப் போனார்.

நான் கதிரைக்கு முன்னால் போய் நின்றேன்.

"தேர் முடிய நான் அக்காவோட போறன்."

ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். "எத்தினை நாளைக்கு?"

"அத உங்கட சக்களத்தியிட்டக் கேளுங்க. அவள் எப்ப இந்த வீட்டை விட்டுப் போறாளோ, அப்ப வாறன்."

முகம் கொஞ்சம் மாறியது. எழும்பப் போகிறார் என்று நினைத்தேன். திரையில் ஏதோ வெடித்தது.

"பேந்து கதைப்பம் வதனா" என்றார்.

லொங்குய்யிலிருந்து வந்தவள்

தேருக்கு முந்திய சனிக்கிழமை. "ஜோசே வாறா, மிசினுக்கு என்ன வருத்தமெண்டு பாக்க" என்று இவர் சொன்னது, அவள் கீழே மணியை அடித்த பிறகு.

நான் ஓடிப்போய் முகம் கழுவி, நல்ல சுரிதாரை மாட்டி, கண்ணுக்கு மை பூசி, பொட்டை நடுவில் வைத்தேன். சண்டைக்குப் போகிறவள் வெறுங்கையோடா போவாள்? அவள் அவலட்சணமாக இருக்க வேண்டும் என்று சுவாமித் தட்டுக்கு முன்னால் நின்று கும்பிட்டும் விட்டேன்.

முருகன் அன்றைக்கு டொலார்ட்டில் தேர் வேலையில் மும்முரம் போல. வந்தவள் அழகி. வாளும் இரும்பும்தான் இல்லை. உயரம், சிவந்த முகம், உச்சியில் தூக்கிக் கட்டிய தலைமயிர், கையில் ஒரு பை செரிப்பழம். உள்ளே வந்ததும் என் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்துக் கொஞ்சினாள். நான் மரம் மாதிரி நின்றேன். பிறகு திரும்பி இவருடைய இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். என் கண்ணுக்கு முன்னால்! இந்த ஊரில் அது வணக்கம் சொல்வது போலத்தான் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஆறியிருக்க மாட்டேன்.

முன்னறைக்குள் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மேசையில் மெரூன் வெல்வெட் போட்ட பெட்டி. சுவரோடு ஒட்டி, தங்க லேஸ் மினுங்க. அதை நோக்கி என் ஃபான் முழு வேகத்தில் சுற்றுகிறது, ஃபிரில் மட்டும் மெல்ல ஆடுகிறது.

அவள் இவரிடம் ஏதோ கேட்டாள். இவர் பெருமையாகப் பதில் சொன்னார், மாமி தைத்தது என்று சொன்னது எனக்கே விளங்கியது. அவள் உறைக்குப் பின்னால் கையை விட்டாள். சுட்ட கையை உதறிக்கொண்டு வெளியே எடுத்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தோளைக் குறுக்கி, பெரிய பனிக்கால ஜாக்கெட்டைப் போட்டு, கழுத்துவரை சிப்பை இழுத்து, தொப்பியும் போட்டு, அப்படியே மயங்கி விழுவது போல நடித்துக் காட்டினாள்.

அதற்குப் பிரெஞ்சு தேவைப்படவில்லை.

காற்று உள்ளே போக வழியில்லை, சூடு வெளியே வர வழியில்லை. இவ்வளவு நாளும் என் ஃபான் வெல்வெட்டுக்கு விசிறியிருக்கிறது! பசை பூசினாரே, குட்டி ஃபான் பூட்டினாரே, ஒரு தரமாவது அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தாரா மனிசன்? எங்கள் வீடுகளில் சாமானின் உறையைச் சந்தேகப்பட எவருக்குத் தோன்றும்? எனக்கும் தோன்றவில்லையே.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவளும் சிரித்தாள். நிலத்தில் இருந்துவிட்டாள் சிரித்துச் சிரித்து. நடுவில் இவர் கன்னம் சிவந்து நின்றார்.

"மாமிக்குச் சொல்லிப்போடாதையும்" என்றார் மெதுவாக.

உறையைக் கழற்றியது ஜோசே இல்லை, நான். அந்தச் சந்தோசத்தை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரே இழுவையில் இழுத்து மூலையில் எறிந்தேன்.

காற்று விழுகிற கதிரை

பெட்டியைச் சுவரிலிருந்து விலக்கி, அதன் முதுகைச் சன்னலுக்குத் திருப்பி வைத்தார்கள். சோதித்துப் பார்க்க ஜோசே கதிரையில் இருந்தாள். நான் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றேன்.

அவள் விளையாடியதைப் பார்த்தேன். கால் இரண்டையும் கதிரையில் மடக்கி வைத்து, விரல்கள் பறக்க, திரையைப் பார்த்துச் சத்தம் போட்டுத் திட்டினாள். மெல்லக் கதை என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற என் புருசனுக்கு ஏதேதோ கட்டளை போட்டாள், இவரும் ஊய், ஊய் என்று தலையாட்டினார்.

அப்போதுதான் என் வயிற்றெரிச்சல் இடம் மாறியது. இவள் என் புருசனைப் பிடுங்குவாள் என்றல்லவா இவ்வளவு நாளும் வெந்தேன். அங்கே நின்று பார்க்கிறபோது எனக்கு இவரின் நினைப்பே வரவில்லை. அந்தக் கதிரை வேண்டும் போல இருந்தது. அந்தச் சத்தம் வேண்டும் போல இருந்தது. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் ஒருதரம்கூட வாய்விட்டுக் கத்தவில்லை. வகுப்பில் முணுமுணுப்பு, கடையில் சைகை, வீட்டில் இவருடைய முதுகு. அவள் கத்துகிறாள், நான் கையில் தட்டத்தோடு நிற்கிறேன். இப்படியொரு பொறாமை எனக்கு அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை.

அவள் எழும்ப, இவர் இருந்தார். திரையில் இவருடைய ஆள் செங்கல் சுவர்களுக்கு நடுவே ஓர் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் ஓடினான். அந்த ஒழுங்கையை நான் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். காதால் எனக்கு நன்றாகத் தெரியும். கதவு திறக்கிற கிறீச், தண்ணீர் சொட்டுகிற சத்தம், பிறகு ஒரு காலடி, பிறகு வெடி, பிறகு இவர் மேசையில் குத்துகிற குத்து. ஒவ்வொரு பின்னேரமும் அதே இடத்தில்தான் இந்த மனிசன் சாகிறவர்.

கிறீச். சொட்டு. காலடி.

"டெரியேர் துவா!" என்று கத்தினேன். "ஆ கோஷ்! தீர்! தீர்!"

இவர் திடுக்கிட்டு, யார் சொன்னது என்று யோசியாமல் திரும்பிச் சுட்டார். விழுந்தது மற்றவன்.

ஜோசே என்னைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். பிறகு இவரின் தோளில் ஒரு தட்டுத் தட்டி எழுப்பிவிட்டு, கதிரையை என் பக்கம் திருப்பினாள்.

"நீர் விளையாடப் போறீரோ?" என்றார் இவர், நம்பாமல்.

நான் தட்டத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு இருந்தேன்.

இருந்ததும் பிடரியில் காற்று விழுந்தது. என் ஃபானின் காற்று. கதிரைக்குப் பின்னால் நிற்கிற ஃபான், மேசைக்குப் போக முதல் கதிரையில் இருக்கிறவருக்குத்தான் விசிறும். அடப்பாவி மனிசா! அந்த வீட்டிலேயே குளிர்ந்த இடத்தில் இருந்துகொண்டா எனக்குச் சன்னலைத் திற என்று சொன்னாய்?

அன்றைக்கு நான் செத்த சாவுக்குக் கணக்கில்லை. சுவரைப் பார்த்துச் சுட்டேன், எங்கள் ஆளையே சுட்டேன். ஜோசே பின்னால் நின்று கத்தினாள், நானும் திருப்பிக் கத்தினேன். என் பிரெஞ்சை ரீச்சர் கேட்டிருந்தால் வகுப்பை மாற்றிப் போட்டிருப்பார்.

தேரன்று காலை

அதற்குப் பிறகு அந்தப் பெட்டி ஒருநாளும் சூட்டில் நிற்கவில்லை. இவர் மெத்ரோவால் வருகிற நேரம் நான் கதிரையில் இருப்பேன். ஹெட்போனுக்குள் ஜோசே. சட்டையைக் கழற்றாமல் வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார், பிறகு குசினிக்குள் போய்த் தானே தேத்தண்ணி ஊற்றுவார். ரொறொன்ரோவைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. என் உடுப்புப் பெட்டி வாசலிலேயே நின்றது, திருப்புளியும் அதன் மேலேயே கிடந்தது.

தேரன்று காலை நான் சேலை உடுத்து, பூ வைத்து, வெளிக்கிட்டு முடித்துவிட்டேன். அக்காவும் அத்தானும் வேனில் வந்துகொண்டிருந்தார்கள். வரும்வரை என்ன செய்வது என்று கதிரையில் இருந்து, கொண்டை கலையாமல் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்தேன்.

இவர் பட்டு வேட்டியோடு வந்து பக்கத்தில் நின்றார். நான் திரும்பவில்லை.

"இஞ்சரும், ஃபானைக் கொண்டுபோய் உம்மட தலைமாட்டில வைச்சிட்டன். இனி மிசினுக்கு அது தேவையில்லை."

"ம்."

"அந்த ஹெட்போனை ஒருக்காக் கழட்டும். நீங்கள் ரெண்டுபேரும் அப்பிடி என்னத்தைச் சிரிக்கிறியள்?"

"ம்."

கீழே வேனின் ஹோர்ன் சத்தம் கேட்டது. இவர் வாசலைப் பார்த்தார், அங்கே நிற்கிற பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வதனா, நீர் அக்காவோட போகத்தான் வேணுமே?"

அந்தக் கோடை முழுக்க இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். பதிலும் எத்தனையோ விதமாக அடுக்கி வைத்திருந்தேன். ஆனால் அந்த நேரம் பார்த்துத் திரையில் கதவு கிறீச்சிட்டது.

"பேந்து" என்றேன்.

ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தேன். அந்த முகம் எனக்கு நல்ல பழக்கம். குளியலறைக் கண்ணாடியில் ஒவ்வொரு நாளும் நான் பார்த்த அதே முகம். சொன்னால் என்ன, அதைப் பார்க்க எனக்கு வயிறு குளிர்ந்தது.

"முதல்ல அந்த ஃபானை இஞ்ச கொண்டுவந்து வைங்க" என்றேன். "எனக்குக் கொதிக்குது."

பட்டு வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போனார். போகிற வழியில் வாசலில் நின்ற என் பெட்டியை எடுத்து, திருப்புளியை இடுப்பில் செருகி, பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே காலால் தள்ளுகிற சத்தம் கேட்டது. ஃபானோடு திரும்பி வந்தார். காற்று பிடரியில் விழுந்தது.

நான் ஒன்றும் கேட்காதவள் போல இடது பக்கம் திரும்பிச் சுட்டேன்.